'பத்து வருஷம் இங்கே, அப்புறம் கோவை': ஒரு வாக்கும் ஒரு வீட்டுக் கடனும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். சொந்த ஊர் கோவை, அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. கணவர் ஜெர்மானியர். டென்மார்க்கில் போய்ப் பதிவுத் திருமணம் முடித்துவிட்டு, ஐந்து வருடமாக ஷ்டுட்கார்ட் அருகே ஒரு சின்ன ஊரில் இருக்கிறீர்கள். இப்போது ஐந்தாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பு 'பத்து வருஷம் இங்கே, அப்புறம் கோவை' என்று சொன்னவர், இன்று வீடு பார்த்து, வங்கியில் பேசி, முப்பது வருடக் கடன் என்கிறார். குடியுரிமை மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாமா, ஊர் திரும்பும் திட்டத்தை விடாமல் வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 'எங்களுக்குள் சண்டையே இல்லை, இந்தப் பேச்சு வந்தால் மட்டும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்கிறோம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அவர் கொடுத்த வாக்கு இன்னும் நிற்கிறதா இல்லையா என்றே தெரியாமல், ஒரு குழந்தையையும் ஒரு கடனையும் எப்படி ஏற்றுக்கொள்வது என்பதுதான் உங்கள் கவலை.

நான் சென்னையில் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். கணவனோ மனைவியோ வெளிநாட்டவராக இருக்கும் தம்பதிகளின் ஆவணங்கள் பல வருடங்களாக என் மேசைக்கு வருகின்றன. அவர்களில் பிரிய வந்தவர்கள் ஒரு பங்கு, சேர்ந்து வாழ ஏற்பாடு செய்ய வந்தவர்கள் பல பங்கு. இந்தியச் சட்டம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் சட்டம் எனக்குத் தெரிந்தது அங்குள்ள வழக்கறிஞர்களோடு சேர்ந்து வேலை செய்த வகையில்தான். அதனால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

சாப்பாடு, சாமி, மொழி என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிற விஷயங்களால் இந்த மாதிரி வீடுகள் உடைந்து நான் பார்த்தது அரிது. ராத்திரிக்கு அவருக்கு ரொட்டியும் சீஸும் போதும், உங்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டும். முதல் வருடம் அது மனவருத்தம், மூன்றாவது வருடம் வெறும் வழக்கம். குளிர்காலத்தில் தோசை மாவு புளிக்க வேண்டும் என்று ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, விளக்கை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார் உங்கள் கணவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்டவரோடு சாப்பாட்டு விஷயத்தில் இனிப் பேச ஒன்றுமில்லை. நான் பார்த்த வரையில் கசப்பு சேர்கிற இடங்கள் இரண்டு. தேதி இல்லாத ஒரு வாக்கு, அப்புறம் ஒருவர் மற்றவரையே நம்பி நிற்கும் நிலை.

இரண்டாவதைக் கண்டுபிடிக்க நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி, வீட்டுக்கு வரும் கடிதங்களை யார் பிரிக்கிறார்கள் என்பது. ஜெர்மனியில் இன்னும் எல்லாமே காகிதத்தில் வரும். வரி அலுவலகம், வெளிநாட்டவர் அலுவலகம், மருத்துவக் காப்பீடு, எல்லாம் தபால்பெட்டியில்தான். அந்தக் கடிதங்களை அவரே பிரித்து, அவரே படித்து, 'ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கோப்பில் போட்டுவிடுகிறார் என்றால், அது அன்பினால் செய்வதாகவே இருக்கட்டும், சொந்த வாழ்க்கையின் கணக்கு உங்கள் கையில் இல்லை என்றுதான் அர்த்தம். நம் ஊர் ஓட்டுநர் உரிமம் அங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதி ஜெர்மன் உரிமம் வாங்க வேண்டும். செலவைப் பார்த்துத் தள்ளிப்போட்டு, பஸ் குறைவாக ஓடும் ஊரில் கடைக்குப் போகவும் கணவரை எதிர்பார்க்கிற பெண்கள் நிறையப் பேர். குழந்தை பிறந்தால் இந்த நெருக்கடி இரட்டிப்பாகும். கோவைக்கு வந்தால் இதே கதை அப்படியே திரும்பும். ஓடிபி உங்கள் தம்பி போனுக்குப் போகும், சிலிண்டர்காரரிடம் உங்கள் கணவரால் பேச முடியாது, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருந்தால்தான் ஆதாருக்கே அவர் விண்ணப்பிக்க முடியும். எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்க்காரர் அல்லாதவர் தனியாக நடமாட முடிகிறதா என்று பாருங்கள். ஊர் எது என்பதைவிட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

சரி, குடியுரிமை. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு 'இரண்டையும் வைத்துக்கொள்ளலாமாமே' என்று கேட்பவர்கள் அதிகம். ஜெர்மனி விட்டாலும் இந்தியா விடாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணத்திலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டையும் ஒப்படைத்தாக வேண்டும். அதன்பின் ஓசிஐ, அதாவது 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' அட்டை வாங்கலாம். வாழ்நாள் விசா கிடைக்கும், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பாவின் தோப்பு வாரிசாக உங்களுக்கு வருவதை ஓசிஐ தடுக்காது, அதில் பயம் வேண்டாம். ஆனால் பக்கத்துத் தோப்பு விலைக்கு வந்தால் சேர்த்து வாங்க முடியாது. இந்தியக் குடிமகளாகவே இருந்து, ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் அதுவும் முடியும்.

குடியுரிமையை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. உங்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது, அது பலருக்கும் தெரிவதில்லை. ஜெர்மானியரை மணந்தவர், தேவையான மொழித்தேர்ச்சியோடு மூன்று வருடம் அனுமதியில் இருந்திருந்தால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடமாகியும் நீங்கள் தற்காலிக அனுமதியையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பொதுவாக இந்த நிரந்தர அனுமதி, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் காலாவதியாகிவிடும். ஆனால் ஜெர்மன் துணையோடு சேர்ந்து வாழ்பவருக்கு ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. அதாவது இருவரும் சேர்ந்து கோவையில் இரண்டு வருடம் இருந்து பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக உங்கள் அனுமதி உயிரோடு இருக்கும். கிளம்புவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இதை எழுத்தில் சான்றாக வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். பிரசவத்துக்கு முன்பே முடிக்கக்கூடிய வேலை இது.

கணவர் பக்கம் இன்னும் எளிது. இந்தியக் குடிமகளை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் நிலைத்திருந்தால் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு, அதனால் நேரம் எடுக்கும். உங்களுக்கு மியூனிக் துணைத் தூதரகம். இன்னும் போட்டிருக்காவிட்டால் இந்த மாதமே போடச் சொல்லுங்கள். விவாகரத்து ஆனால் அந்த அட்டை ரத்தாகும் என்பதும் இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது, அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் இதை ஆவண வேலையாக மட்டும் பார்க்கவில்லை. 'ஊருக்கு வருவேன்' என்று சொல்பவர் அந்த விண்ணப்பத்தை நிரப்ப உட்காருகிறாரா என்று பாருங்கள். உட்கார்ந்தால் வாக்கு நிற்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

குழந்தை தந்தை வழியில் பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன் அல்லது குடிமகள். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்றும் உறுதி தர வேண்டும். உங்கள் நிலையில் ஜெர்மன் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் எடுப்பதுதான் சிக்கலில்லாத வழி. இரண்டு பாஸ்போர்ட்டையும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி வீடு. முப்பது வருடக் கடன் என்றதும் உங்களுக்கு மூச்சடைத்தது புரிகிறது. ஆனால் அந்த ஊர்க் கடனின் அமைப்பைப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும். ஜெர்மனியில் வட்டியைப் பத்து, பதினைந்து அல்லது இருபது வருடத்துக்கு மாறாமல் கட்டிப்போடுவார்கள். எத்தனை வருடம் கட்டியிருந்தாலும், பணம் முழுவதும் கைக்கு வந்து பத்து வருடம் ஆனபின் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்துக் கடனை அடைத்து வெளியேற உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, அபராதம் கிடையாது. பத்து வருடத்துக்கு முன்பே விற்று அடைத்தால் வங்கி இழப்பீடு கேட்கும், அது பெரிய தொகையாக இருக்கலாம். வாடகைக்கு விட்டிருந்தாலும் வாங்கிப் பத்து வருடம் கடந்து விற்றால் லாபத்துக்கு வருமான வரி இல்லை. ஆக, இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் உங்கள் நடைமுறைக் கணக்கு இன்னும் பத்து வருடம், முப்பது அல்ல. ஆனால் கல்யாணத்துக்கு முன் சொன்ன பத்தில் ஐந்து ஏற்கெனவே போய்விட்டது. அந்தப் பத்து பதினைந்தாகிறது என்பதை அவர் வாயால் சொல்லியிருக்கிறாரா? சொல்லாமல் வீட்டை வாங்கினால், வீடே சொல்லாமல் சொன்ன பதிலாகிவிடும்.

வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாநிலமான பாடன் வூர்ட்டெம்பெர்க்கில் வாங்கும்போது சொத்து மாற்ற வரி மட்டுமே 5 சதவீதம், அதோடு நோட்டரி, தரகர். இரண்டு மூன்று வருடத்தில் விட்டுப் போகும் எண்ணம் இருந்தால் வாடகை வீடே மேல். பத்து வருடம் உறுதி என்றால் வாங்கலாம். வாங்கினால் நிலப் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஏற வேண்டும். கல்யாணமானால் எல்லாம் பொது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஜெர்மன் சட்டத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை சொத்து அவரவருடையது. மணவாழ்வில் சேர்ந்த பெருக்கத்தைப் பிரிவின்போது சமன் செய்வார்களே தவிர, பதிவேட்டில் அவர் பெயர் மட்டும் இருந்தால் வீடு அவருடையதுதான். குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கப் போகும் வருடங்களில் உங்களுக்குச் சம்பளம் குறையும், அதையும் கணக்கில் வைத்துப் பங்கைப் பேசுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை இது, அவர்கள் ஊரில் இதைச் சாதாரணமாகப் பேசுவார்கள்.

பிரசவத்துக்கு அம்மா வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும். அதனால் எப்போது வரவழைப்பது என்று யோசித்துச் செய்யுங்கள். பிறந்த முதல் வாரங்களில் ஜெர்மனியில் மருத்துவச்சி வீட்டுக்கே வருவார், காப்பீட்டில் அடங்கும். அவர் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடச் சொல்வார். அம்மா காதில் பஞ்சு வைத்து, தலையைத் துண்டால் கட்டி, ஜன்னலைச் சாத்துவார். இவர் பச்சைக் காய்கறி சாலட் நல்லது என்பார், அவர் பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் என்பார். நடுவில் மொழிபெயர்க்கப் போவது உங்கள் கணவரா, தையல் வலியோடு படுத்திருக்கும் நீங்களா? கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், மருத்துவச்சி வரும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்க வேண்டும். மருத்துவச்சிக்கும் முன்கூட்டியே நம் பழக்கங்களைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். பூண்டுக் குழம்பில் யாருக்கும் தகராறு வராது. குழந்தையை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கில் ஊதி, காதில் எண்ணெய் விடுவதில் வரும். அந்த ஊதுவதையும் எண்ணெய் விடுவதையும் நம் ஊர்க் குழந்தை மருத்துவர்களே வேண்டாம் என்கிறார்கள், அம்மாவிடம் அவர்கள் பெயரைச் சொல்லி நிறுத்தலாம்.

ஊர் திரும்புவது சரிப்படுமா என்பதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை, யாரிடமும் இருக்காது. ஆனால் சோதித்துப் பார்க்க உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அங்கே பெற்றோர் விடுப்பு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியே மூன்று வருடம் வரை. அதில் இருபத்துநான்கு மாதம் வரை குழந்தையின் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையே எடுக்கலாம், வேலை போகாது. அதில் ஆறு மாதமாவது சேர்ந்து எடுத்துக் கோவையில் இருந்து பாருங்கள். அப்பா வீட்டில் வேண்டாம், தனி வாடகை வீடு. டிசம்பர் விடுமுறை மாதிரி விருந்துச் சாப்பாட்டோடு கழிந்தால் சோதனை ஆகாது. ஏப்ரல், மே வெயிலும் அதில் வர வேண்டும், அவர் தனியாக வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: விடுப்புக் காலத்தில் அரசு தரும் பணம் ஜெர்மனியில் வசிப்பவருக்குத்தான். அதனால் நீண்ட நாள் வெளியே இருப்பதற்கு முன் அந்த அலுவலகத்தில் கேட்டு, பணம் வாங்கும் மாதங்களையும் கோவை மாதங்களையும் பிரித்து வையுங்கள்.

அந்தத் தங்கலுக்கு முன் இரண்டு பேரும் ஒரு தாளில் போகும் தேதி, திரும்பும் தேதி, இருவர் சம்மதம் எழுதிக் கையெழுத்திடுங்கள். நம்பிக்கை இல்லாமல் கேட்பதில்லை. குழந்தையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் ஜெர்மனி இருக்கிறது, இந்தியா சேரவில்லை. அதனால் பின்னால் மனஸ்தாபம் வந்தால் இரண்டு நாட்டு நீதிமன்றமும் இரண்டு விதமாகப் பார்க்கும், நடுவில் அலைவது குழந்தை. நல்ல உறவில் இருக்கும்போது எழுதிய ஒரு தாள் அந்த நேரத்தில் இருவரையும் காப்பாற்றும்.

பள்ளியும் ஒரு தேதியைத் தருகிறது. ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். ஊர் மாறுவதென்றால் அதற்கு முன்பு மாறுவது பிள்ளைக்கு நல்லது. அதுவரை தமிழ் வீட்டில் நிற்க வேண்டும். நீங்கள் மட்டும் தமிழில் பேசினால் போதாது, பேச வேறு ஆட்களும் வேண்டும். ஈழத் தமிழர்கள் பல நகரங்களில் வார இறுதிகளில் தமிழாலயம் என்ற பெயரில் பள்ளி நடத்துகிறார்கள், பக்கத்தில் இருந்தால் இப்போதே போய்ப் பழகுங்கள். அவர்களின் பேச்சுத் தமிழ் நம் கொங்குத் தமிழ் இல்லை, பிள்ளைக்கு இரண்டும் வந்தால் கொடுப்பினைதான்.

இன்னொன்று, நீங்கள் லேசாக எழுதிக் கடந்துபோன விஷயம். அவருடைய அம்மா விதவை, அரை மணி தூரத்தில் தனியாக இருக்கிறார். கல்யாணத்துக்கு முன் வாக்குக் கொடுத்தபோது அந்த அம்மா தெம்பாக இருந்திருப்பார். இன்று முழங்கால் அறுவைக்குப் போகிறார். உங்கள் கணவர் வீடு பார்ப்பதற்குக் காரணம் உங்கள் ஊர் பிடிக்காதது இல்லை, அம்மாவாக இருக்கலாம். இது என் ஊகம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு அப்பா அம்மா, அவருக்கு அம்மா. இரண்டு பக்கமும் வயதாகிற பெற்றோர் இருக்கும்போது யார் ஊர் என்று வாதாடினால் முடியவே முடியாது. யாருக்கு எப்போது என்ன ஏற்பாடு என்று ஆளாளாகப் பேசினால், உங்கள் அப்பாவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு விட்டு நகரத்தில் வீடு, மாமியாருக்கு வீட்டோடு பராமரிப்பு என்று வழி கிடைக்கும்.

ஓய்வூதியம் பற்றி ஒரே வரி: 2017 மே 1 முதல் இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, தகுதி பார்க்கும்போது இரண்டு நாட்டுக் காலத்தையும் சேர்ப்பார்கள், ஊர் திரும்பினாலும் ஓய்வூதியம் வரும். ஐந்து வருடச் சந்தா சேர்வதற்குள் ஊர் திரும்பினாலும் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு எடுத்துவிடாதீர்கள். உயில் விஷயத்தில் இரண்டு நாட்டு விதியும் வேறு. நோட்டரி இல்லாத ஜெர்மன் உயில் முழுக்கக் கையால் எழுதியிருக்க வேண்டும், தட்டச்சு செய்தால் செல்லாது. இந்திய உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். முழுக்கக் கையால் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டால் இரண்டு பக்கமும் வடிவக் குறை சொல்ல முடியாது. தோப்பு வரும் முன்பே எழுதிவிடுங்கள்.

வயிற்றில் பிள்ளையோடு இதையெல்லாம் இப்போது பேச வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும், வீட்டுப் பத்திரத்துக்கு முன்பே. அங்கே வீடு வாங்குவது நோட்டரி முன்னால்தான், பத்திரம் முழுவதையும் அவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், நீங்கள் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. வரைவுப் பத்திரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்ட ஜெர்மன் புரியவில்லை என்றால் நோட்டரியிடம் முன்பே சொல்லுங்கள், மொழி போதாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர் உங்கள் கணவராக இருக்க வேண்டாம்.